மண நாளும் மலை ஏரியும்

நம் முன்னோர் தம்பதிகளுக்கென்று ஏற்படுத்திய வைபவங்கள் எல்லாம் புருஷனுடைய வயதைக் கொண்டே கணக்கிடப்பட்டவை. அறுபது நிறைந்தால் சஷ்டியப்தபூர்த்தி, எழுபதில் பீமரத சாந்தி, எண்பதைத் தாண்டினால் சதாபிஷேகம் என்று திருக்கடையூரில் அபிராமியின் சந்நிதியில் நடைபெறும் அந்த மங்கள காரியங்களில், மனைவியும் மாலை சூடிப் பக்கத்தில் அமர்ந்து மீண்டும் ஒருமுறை மாங்கல்ய தாரணம் செய்துகொள்கிறாள் என்றாலும், அந்த நாளை நிர்ணயிப்பதற்காக அவளுடைய ஜன்ம நட்சத்திரத்தை யாரும் விசாரிப்பதில்லை. அந்தச் சம்பிரதாயத்தைக் குறை கூறுவது என் எண்ணமன்று. என் பெற்றோரின் சஷ்டியப்தபூர்த்தியில் கண்ணீர் மல்க நின்றவன் நான். ஆயினும், மேனாட்டு வழக்கம் என்று பெரியவர்கள் முகம் சுளிக்கும் திருமண நாள் ஒன்றுதான் வருஷத்தின் 365 நாட்களில் கணவனுக்கும் மனைவிக்கும் சரிபாதியாகச் சொந்தமான நாள் என்பது என் அபிப்பிராயம். அந்த நாளை நாம் எவ்வாறு கழிக்கிறோம் என்பதைப் பற்றித்தான் தில்லியில் வாழும் தமிழர்களிடம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவு என்றால் மண்டபம் பிடித்து இருநூறு பேருக்கு விருந்து வைப்பதும், மற்ற ஆண்டுகளில் காலையில் மலை மந்திருக்குப் போய் முருகனைத் தரிசித்துவிட்டு வந்ததும் அவள் பாயசம் கிளற நாம் ஆபீசுக்குக் கிளம்புவதுமே நம்மிடையே வழக்கமாகிவிட்டது. விருந்தில் அவள் உபசரிக்கிறாள்; வீட்டில் அவள் சமைக்கிறாள். விடுமுறையாவது உண்டா என்றால், மத்திய அரசு உத்தியோகஸ்தர்களுக்குக் கிடைக்கும் எல்.டி.சி. சலுகை இந்தியாவின் எந்த மூலைக்கும் போக இடம் கொடுத்திருந்தும், அதைக் கொண்டு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறி ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் கடந்து, சென்னையிலிருந்து மறு வண்டி பிடித்துச் சொந்த ஊர் போய்ச் சேர்வதையே தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்திருக்கிறோம். அந்தப் பிரயாணம் எனக்கு ஓய்வாக இருந்தது; திண்ணையில் உட்கார்ந்து பழைய சிநேகிதர்களோடு பேசிக்கொண்டிருந்தேன். ஆனால் என் சகதர்மிணிக்கு அது தில்லிச் சமையலறையிலிருந்து மாமியார் வீட்டுச் சமையலறைக்கு இடமாற்றம் என்பதற்குமேல் ஒன்றுமில்லை என்பதை நான் உணர முப்பது வருஷம் பிடித்தது. அதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

எங்கள் முப்பதாவது மண நாள் ஐப்பசியில் வந்தது. தில்லியில் அந்த மாதம் எப்படிப்பட்டது என்பதை இங்கிருப்பவர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை: பஞ்சாபிலும் ஹரியாணாவிலும் எரியும் வைக்கோலின் புகையும் நகரத்தின் சொந்தப் புகையும் கலந்து சூரியனை மறைக்க, காளிந்தி குஞ்சில் யமுனையின்மேல் வெள்ளை நுரை பாளம் பாளமாக மிதந்து போகும் காலம். காவேரிக் கரையில் பிறந்து வளர்ந்தவள் அவள். என்ன வேண்டும் என்று நான் கேட்டபோது, பட்டும் கேட்கவில்லை, பவுனும் கேட்கவில்லை. "எங்கேயாவது நல்ல தண்ணி இருக்கிற இடமா, நாம ரெண்டு பேர் மட்டும் போயிட்டு வரலாமே" என்றாள்.

தொல்காப்பியர் வகுத்த அகத்திணையில் மலை நிலமாகிய குறிஞ்சிக்குப் புணர்தலையும், வயல் நிலமாகிய மருதத்துக்கு ஊடலையும் உரிப்பொருளாக வைத்தார்கள். குறிஞ்சியில் வரும் தலைவனும் தலைவியும் மணமாகாத இளையவர்கள். அருவிக் கரையிலும் தினைப்புனத்திலும் யாருமறியாமல் சந்தித்துக்கொள்பவர்கள். மணமாகி, மக்களைப் பெற்று, ஊடியும் பொறுத்தும் மருதத்திலேயே காலம் கழிக்கும் நடுவயதுத் தம்பதிகளுக்கும் வருஷத்தில் நான்கு நாட்களாவது குறிஞ்சி வேண்டாமா? இளையவர்களைவிட அவர்களுக்கே அது அவசியம் என்பேன். ஏனெனில், இளையவர்களுக்கு எந்த இடமும் குறிஞ்சியாகிவிடும்.

தில்லியிலிருந்து சுமார் 300 கிலோமீட்டரில், தால் என்று முடியும் பெயர்களோடு நைனிதால், பீம்தால், சாத்தால், நௌகுசியாதால் என ஒரு கூட்டமாக ஏரிகள் குமாவூன் மலைகளுக்கிடையே கிடக்கின்றன. தால் என்றால் ஏரி. உதகமண்டலத்து ஏரி 1820-களில் சல்லிவன் துரை வெட்டுவித்தது. கொடைக்கானல் ஏரி 1863-இல் மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்ச் அணைகட்டித் தேக்கியது. அவற்றைப் போலன்றி இவை மலை தானாகவே ஏந்தி வைத்திருக்கும் நீர்நிலைகள். பழைய தில்லி நிலையத்தில் இரவு ராணிகேத் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் விடியுமுன் காத்கோதாமில் இறங்கலாம். மலையிலிருந்து வந்த மரங்களைச் சேர்த்து வைத்த இடமாதலால், மரக் கிடங்கு என்னும் பொருளில் அமைந்த பெயர் அது. கோதாம் என்ற அந்தச் சொல்லே நம் கிடங்கிலிருந்து கிளம்பிக் கடல் கடந்து ஊர் சுற்றித் திரும்பியதாக இருக்கலாம் என்று சொல்லாராய்ச்சியாளர் சிலர் கருதுவதை நான் அவளிடம் சொல்ல, "அப்போ இதுவும் நம்ம ஊர்தான்" என்று குளிரில் சால்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு சிரித்தாள்.

நாங்கள் தங்கியது நைனிதாலில் அன்று. இயற்கை ஏரிதான் என்றாலும், 1883-இல் கட்டிய கல்லணையும் நடுவே ஒரு சிறு தீவும் உடைய பீம்தாலில். அங்கிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் நௌகுசியாதால் இருக்கிறது. ஒன்பது மூலைகள் உடையதென்பதால் அப்பெயர். ஒன்பது மூலைகளையும் ஒரே பார்வையில் கண்டுவிட்டவருக்கு மோட்சம் சித்திக்கும் என்று உள்ளூரில் ஒரு நம்பிக்கையும் உண்டு. எத்தனை முயன்றாலும் ஒன்றிரண்டு மூலைகள் மலைச் சரிவின் பின்னால் மறைந்துகொள்ளும்படி அந்த ஏரி வளைந்து கிடக்கிறது. ஓக் மரங்களின் நிழல் விழுந்த கரையில், படகுக்காரர் அழைத்தும் போகாமல், நாங்கள் இருவரும் இரண்டு மணி நேரம் வெறுமனே உட்கார்ந்திருந்தோம். அடுப்பில் எதுவும் இல்லை, வாசல் மணி அடிக்கவில்லை, யாருக்கும் காபி கொண்டுபோக வேண்டியதில்லை. அப்படியிருந்த நேரத்தில், நான் எதுவும் கேளாமலேயே, அவள் தன் முதலாம் வருஷத்துத் தில்லி வாழ்க்கையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். நான் ஆபீசுக்குப் போனபின், ஹிந்தியில் ஒரு வார்த்தையும் தெரியாமல், யாரோடும் பேச முடியாமல் பகல் முழுதும் கிடந்தவள், ராமகிருஷ்ணபுரத்துத் தமிழ்ப் பள்ளி விடும் நேரம் பார்த்துப் பஸ் நிறுத்தத்துக்குப் போய் நிற்பாளாம். பஸ் ஏறுவதற்காக அன்று. குழந்தைகள் தமிழில் சண்டை போட்டுக்கொண்டு வருவதைக் கேட்பதற்காக. அப்படி ஐந்தாறு மாதம், தினமும்.

முப்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் இது எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை, அவள் சொல்வதற்குத் தோதான ஒரு பகற்பொழுதும் எங்களுக்கு வாய்த்ததில்லை. விருந்துக்கு வந்த இருநூறு பேர் நடுவே இதை அவள் எப்படிச் சொல்லியிருக்க முடியும்?

மூன்றாம் நாள் நைனிதாலுக்குப் போய்வந்தோம். போகும் வழியில் மழைக்காலம் கழுவிவிட்ட ஆகாயத்தில் 7,816 மீட்டர் உயரமுள்ள நந்தாதேவியின் சிகரம் தெளிவாகத் தெரிந்தது. நைனிதாலின் சௌந்தரியத்தை வர்ணிக்க ஏராளமானவர்கள் இருக்கிறார்கள். அதன் காயங்களை அறிந்துகொண்டு போகிறவர்கள் குறைவு. ஷாஜஹான்பூர்ச் சர்க்கரை வியாபாரி பாரன் 1841-இல் கண்டு எழுதியபின் வெள்ளையர் குடியேறிய அந்தப் பள்ளத்தாக்கில், 1880 செப்டம்பர் 18 அன்று, ஓயாத மழைக்குப்பின் மலை சரிந்து 151 பேர் மாண்டனர். நைனாதேவியின் கோயிலும் அழிந்து, பிறகு புதிதாக எழுப்பப்பட்டது. இன்று ஜனங்கள் பந்தாடும் மைதானம் அந்தச் சரிவின் மண்ணால் விரிந்தது. மழைநீர் மலையை ஊறவைக்காமல் ஏரிக்கு இறங்கும்பொருட்டு அதன்பின் கட்டிய வடிகால்களே ஊரை இன்றுவரை காக்கின்றன. அவற்றின்மேல் கட்டடங்களும் குப்பையும் ஏறிவருகின்றன. ஏரியின் மாசு குறித்த வழக்கு 1995-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புவரை போயிற்று. 2007 முதல் ஏரியின் அடியில் குழாய்வழிக் காற்றைச் செலுத்தி அந்நீருக்குப் பிராணன் ஊட்டுகிறார்கள். 2018 ஆகஸ்டில் கீழ் மால் சாலையின் ஒரு பகுதி ஏரிக்குள் சரிந்தது. இவ்வளவுக்கும் அந்த ஊர் குடிப்பது அந்த ஏரியின் தண்ணீரைத்தான். நாம் படகு விட்டுக் களிக்கும் நீர், மாலையில் அவர்கள் வீட்டுக் குடத்தில் நிறைகிறது.

ஆகையால், தில்லிவாசிகள் மே, ஜூன் மாதங்களில் ஆளுக்கொரு காரை எடுத்துக்கொண்டு ஒரே நாளில் அந்த மலைமேல் ஏறுவதை நான் வன்மையாக ஆட்சேபிக்கிறேன். இருவர் ஏகாந்தத்தை நாடிப் போகும் இடத்தில் மூன்று மணி நேரம் வாகன வரிசையில் நின்று ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுவதால் அவர்களுக்கும் பயனில்லை, மலைக்கும் நன்மையில்லை. ரயிலில் போகலாம், சிறிய ஏரியின் கரையில் தங்கலாம், ஓர் இரவுக்குப் பதில் நான்கு இரவு இருக்கலாம், பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைக் கொண்டுபோகாமல் இருக்கலாம். ஆவணியில் மணமானவர்கள் மலைச் சரிவுக்கு அஞ்சி நாளைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும். தள்ளிப்போட்டால் ஒரு தோஷமுமில்லை, போகாமலே விட்டுவிடுவதுதான் தோஷம்.

குழந்தைகளை யார் பார்ப்பது, முதியவர்களுக்கு மருந்து யார் கொடுப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஆபீஸ் வேலையாக நாம் வெளியூர் போன நாட்களில் அந்தப் பிரச்னை எப்படியோ தீர்ந்ததல்லவா? நமக்காகத் தீர்ந்தது அவளுக்காகவும் தீரும். வளர்ந்த மகனும் மகளும் நான்கு நாள் பாட்டிக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கக் கற்றுக்கொள்ளட்டும். பணச் செலவும், அண்டை அயலாருக்கு வைக்கும் ஒரு வேளை விருந்தின் செலவைவிடக் குறைவாகவே எங்களுக்கு ஆயிற்று.

ராணிகேத் எக்ஸ்பிரஸ் தினந்தோறும் இரவில் பழைய தில்லி நிலையத்திலிருந்து புறப்படுகிறது. இந்த ஆண்டு உங்கள் மண நாளுக்கு இரண்டே இரண்டு சீட்டு வாங்குங்கள். வாங்கிய பிறகு மற்றவர்களுக்குச் சொல்லுங்கள்.