மெசின் கொடுத்தால் மட்டும் போதுமா?



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் தையல் மெசின் சும்மா கிடக்கிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

மண்டைதீவு என்றால் இப்போது எல்லாரும் கிரிக்கெட் மைதானத்தைப் பற்றித்தான் கதைக்கிறார்கள். நான் கதைக்கப்போவது ஒரு மெசினைப் பற்றி. போன கிழமை பள்ளிக்கூடம் விட்டபிறகு ஒரு பிள்ளையின் தாய் வாசலில் நின்றா. "ரீச்சர், ரவுணில ஆரும் தையல் மெசின் வாங்குவினமோ? புதுசு மாதிரித்தான் கிடக்கு."

ஏன் அக்கா விற்கிறீங்கள் என்று கேட்டேன்.

"பூவேலை செய்து உழைக்கலாம் எண்டுதான் தந்தவை. நேர்த்தையல் நல்லா ஓடுது. பூப் போட வெளிக்கிட்டா அடியில நூல் கட்டியாச் சுத்துது, ஊசி முறியுது. எனக்குக் கைராசி இல்லை ரீச்சர்."

கைராசி! இந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். பஸ்ஸை விட்டுவிட்டு அவவின் வீட்டுக்கே போனேன். மெசினுக்கு மேல் ஒரு பழைய சாரம், அதற்கு மேல் பிள்ளையின் புத்தகப் பை.

பூவேலைக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவவுக்குச் சரியாகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். துணியைத் தள்ளுகிற பற்களை இறக்கு, துணியை அமத்துகிற காலைக் கழற்று, வளையத்தில் துணியைப் பூட்டிக் கையால் நகர்த்து. மூன்றையும் செய்திருக்கிறா. ஆனால் காலைத் தூக்கி இறக்குகிற, பின்னால் இருக்கும் சின்னக் கைபிடியை மேலேயே விட்டிருக்கிறா. கால்தான் இல்லையே, பிறகு எதை இறக்குவது? நியாயமான யோசனை. நானும் சின்னதில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்தக் கைபிடிக்கு இன்னொரு வேலை இருக்கிறது. அது மேலே இருந்தால் நூலைப் பிடிக்கிற இரண்டு தட்டுகளும் திறந்தே இருக்கும். மேல்நூலுக்கு ரென்சனே கிடையாது. அது அளவில்லாமல் இறங்கி அடியில் காகக் கூடு கட்டும். கைபிடியை இறக்கினேன், கூடு நின்றது. அவ்வளவுதான் அவவின் கைராசி.

ஊசி முறிந்ததற்குக் காரணம் வேறு. கால் மிதிக்கிற வேகத்தை விடக் கை வேகமாக இழுத்திருக்கிறது. துணிக்குள் ஊசி நிற்கும்போதே வளையத்தை இழுத்தால் ஊசி வளைந்து தட்டில் அடிக்கும். கால் வேகமாக, கை மெதுவாக. இது ஒரு நாளில் வராது, பழைய துணியில் வட்டமும் எட்டும் போட்டுப் பழக வேண்டும். பொபினோடு வந்த 16 ஆம் நம்பர் ஊசியையே போட்டிருந்தா. மெல்லிய துணியில் பட்டு மாதிரி ரேயோன் நூலால் பூப் போடுவதற்கு 11 ஆம் நம்பர் போதும். ஏழெட்டு மணித்தியாலம் ஓடிய ஊசியை முறியாவிட்டாலும் மாற்றுங்கள். புது ஊசி போடும்போது நீளக் குழி இருக்கிற பக்கத்தால்தான் நூல் நுழைய வேண்டும். மாறிப் போட்டால் தையல் விழாது.

நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: அடியில் சிக்கினால் மேலே பார், மேலே பொபின் நூல் எட்டிப் பார்த்தால் மேல்நூல் இறுக்கம், அல்லது பொபின் தளர்வு. நூல் கோர்க்கும்போது கால் தூக்கியிருக்கட்டும், தைக்கும்போது இறங்கியிருக்கட்டும். நெருக்கமாக நிரப்பிய இலையைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் மூன்றில் ஒரு பங்கு பொபின் நூல் தெரிய வேண்டும், இரண்டு ஓரத்திலும் மேல்நூல். அப்படி இருந்தால் ரென்சன் திருகாணியைத் தொடவே வேண்டாம். சுருக்கம் விழுகிறதா? வளையத்தில் துணி மேளம் மாதிரி நிற்கிறதா என்று பாருங்கள், அடியில் ஒரு வெள்ளைத் தாள் வையுங்கள். பத்திரிகைத் தாள் வேண்டாம், மை ஒட்டும். எங்கள் ஸ்கார்ப் மாதிரி இழுபடுகிற துணிக்குத் தாள் காணாது, தைத்தபிறகும் கிழிக்காமல் அடியிலேயே விடுகிற மெல்லிய கன்வஸ் வேண்டும்.

இன்னொன்று, தேங்காயெண்ணெய். தீவுக் காற்றில் உப்பு, மெசின் கறள் பிடிக்கும், அதனால் எல்லாரும் குசினியில் இருக்கிற எண்ணெயை விடுகிறார்கள். அது கொஞ்ச நாளில் பிசினாகி மெசினையே இறுக்கிவிடும். மெசின் எண்ணெய் ஒரு துளி போதும். விட முதல் தட்டைக் கழற்றித் தும்பைத் துடையுங்கள்.

இதில் எது பெரிய வித்தை? ஒன்றுமில்லை. ஆனால் இதைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாததால் எத்தனை மெசின்கள் சாரம் போர்த்திக் கிடக்கின்றன? போர் ஆண்களைக் கொண்டுபோன வீடுகளுக்கு வாழ்வாதாரம் என்று மெசின் கொடுக்கிறோம், படம் எடுக்கிறோம், போகிறோம். மூன்றாம் மாதம் யாராவது திரும்பிப் போய் என்ன தைத்தீர்கள் என்று கேட்கிறோமா? உதவி செய்கிறவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் மனம் நல்லது. பத்து மெசின் கொடுக்கிற காசில் எட்டைக் கொடுத்து, மிச்சத்துக்கு ஊசி, நூல், ஒரு ஸ்க்ரூட்ரைவர், கிழமைக்கு ஒரு தரம் வந்து பார்க்க ஒரு தையற்காரர் என்று செலவழியுங்கள் என்கிறேன்.

வெளிநாட்டு உறவுகளுக்கும் ஒரு சொல். கனடாவிலிருந்து கொம்பியூட்டர் எம்ப்ரோய்டரி மெசின் அனுப்புகிறீர்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. மெசினில் எழுதியிருப்பதைப் பார்க்காமல் நேரே செருகினால் அன்றைக்கே கருகும். அதோடு, அதிலும் அடியில் நூல் சுற்றும். காரணமும் அதேதான்.

பூவேலை மெசின் ஒன்றும் நேற்று வந்ததல்ல. 1863 இல் சுவிற்சர்லாந்தில் ஐசாக் க்ரோப்லி என்பவர் தையல் மெசினைப் பார்த்துத்தான் ஷிஃப்லி மெசினைச் செய்தார். ஷிஃப்லி என்றால் சின்ன வள்ளம், அடிநூலைக் கொண்டு ஓடுகிற பாகத்தின் வடிவம் அது. இதைச் சொன்னபோது வகுப்பில் மீன்பிடிக் குடும்பத்துப் பெடியன் ஒருவன் எழும்பி வந்து பொபினை எட்டிப் பார்த்தான். அவனும் தைக்கட்டும் என்றேன். பெட்டைகள் சிரித்தார்கள். ஏன் சிரிக்க வேண்டும்? சோனகத் தெருவில் என் வாப்பா உட்பட எத்தனை ஆண்கள் தையலில்தான் பிள்ளைகளை வளர்த்தார்கள்.

சிங்கர் 1877 இல் இலங்கைக்கு வந்தது. வாப்பாவின் கறுப்பு மெசின் அவருடைய வாப்பா வாங்கியது. 1990 ஆகஸ்டில் இராணுவம் இறங்கியபோது இந்தத் தீவுச் சனம் வெளிக்கிட்டது. ஒக்டோபர் 30 இல் இரண்டு மணித்தியாலத்தில் எங்களைப் புலிகள் வெளிக்கிடச் சொன்னார்கள். மெசின் அங்கேயே நின்றது. புத்தளத்தில் முகாமில் யாரோ ஒரு உடைந்த மெசினைக் கொடுத்தார்கள். வாப்பா அதைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, மூன்றாம் நாள் தைக்கத் தொடங்கினார். மெசின் கொடுத்தவர் எங்களுக்குச் சோறு போட்டார் என்று நாங்கள் சொல்வோம். உண்மையில் பழுது பார்க்கத் தெரிந்த கைதான் போட்டது. அந்தக் கை இந்த அக்காவுக்கு யாரும் கொடுக்கவில்லை.

அவ இன்னும் விற்கவில்லை. நேற்று ஒரு தலையணை உறை கொண்டுவந்து காட்டினா. இலை சரி, பூ கொஞ்சம் கோணல்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவவின் வீட்டு விறாந்தையில் இருப்போம். மெசினைத் தூக்கி வரத் தேவையில்லை, சிக்கின துணியை வெட்டாமல் அப்படியே கொண்டுவாருங்கள், பார்த்தே சொல்லலாம். யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்கள் 11 ஆம் நம்பர் ஊசி ஒரு பக்கற் வாங்கிவந்தால் நல்லது, இங்கே முடிந்துவிட்டது.