கொக்கி போட்டு கரன்ட் திருடும் செல்!

'செல்லின் ஆற்றல் நிலையம்' என்று பரீட்சையில் எழுதிவிட்டு அதோடு மறந்துபோனீங்களே, மைட்டோகாண்ட்ரியா... ஞாபகம் இருக்கா? இந்த வாரம் மறுபடி அங்கேதான் போறோம். விஷயம், கல்லீரல் கேன்சர்.

ஒவ்வொரு கல்லீரல் செல்லுக்குள்ளும் ஆயிரத்துக்கு மேல் மைட்டோகாண்ட்ரியா. ஆக்சிஜனை வைத்துச் சத்தை எரித்து, ஏ.டி.பி. என்கிற கரன்ட் தயாரிப்பது அதுதான். ஆனால் ஆக்சிஜன் தாராளமாக இருந்தும், கேன்சர் செல் சர்க்கரையைப் பாதியிலேயே லாக்டிக் அமிலமாக்கித் தள்ளுது என்று 1920-களில் கண்டுபிடித்தார் ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க். மைட்டோகாண்ட்ரியா ரிப்பேர் என்று முடிவு கட்டினார். பிறகு நோபல் வாங்கினவர் (அது வேறு கண்டுபிடிப்புக்கு!). ஆனால் பெரும்பாலான கேன்சர் செல்களில் அது ரிப்பேர் ஆகலை. வேறு ஆள் கைக்குப் போயிடுச்சு.

நல்ல கல்லீரல் செல்லில் சர்க்கரையைப் பிடிக்கிற நொதி, குளுக்கோகைனேஸ். ரொம்ப டீசன்ட். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால்தான் வேகமெடுக்கும். மற்ற நேரம் மூளைக்கு விட்டுக்கொடுத்திடும். கேன்சரில் இதை ஓரங்கட்டிவிட்டு ஹெக்ஸோகைனேஸ்-2 வந்து உட்காருது. கொஞ்சூண்டு சர்க்கரை இருந்தாலும் அள்ளிடும். உட்காருகிற இடம்தான் பெரிய வில்லத்தனம். மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சுவரில், ஏ.டி.பி. வெளியே வரும் வாசலிலேயே! கட்சி மீட்டிங்குக்கு போஸ்ட்டில் கொக்கி போடுவாங்களே, அச்சு அசல் அதேதான். கெட்டுப்போன செல் தானாகச் சாவதற்கான சிக்னலும் இதே சுவர் வழியாகத்தான் கிளம்பணும். கொக்கிக்காரன் அதையும் அமுக்கிடுறான்.

கொக்கியைப் பிடுங்கினால்? அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் யங் ஹீ கோ, பீட்டர் பெடர்சன் குழு 3-புரோமோபைருவேட் என்ற சின்ன மூலக்கூறைக் கொடுத்துப் பார்த்தது. 2004-ல் வந்த ரிசல்ட்: 19 எலி, 19-லும் கட்டி காலி.

ஃப்ரெண்டோட அப்பாவுக்கு கேன்சர் என்றதும், 'நெட்ல ஒரு மருந்து இருக்காம்' என்று யாராவது பிரின்ட் அவுட் நீட்டுவாங்க இல்லையா? ஜெர்மனியின் பிராக்ட் ஊரில் ஒரு மாற்று மருத்துவ மையம், அங்கீகாரமே இல்லாத இதே பொருளை நோயாளிகளுக்கு ஏற்றியது. 2016-ல் மூணு பேர் அடுத்தடுத்து இறந்தாங்க. எடைபோட்ட தராசு சரியில்லை, டோஸ் எகிறிடுச்சு என்பது கோர்ட்டில் தெரிந்தது. 2019-ல் நடத்தினவருக்குத் தண்டனை.

அந்தப் பொருள் முரட்டு ரகம், கண்டதோடும் வினைபுரியும். ஹெக்ஸோகைனேஸ்-2 மட்டும் குறி என்றால் கதை வேற. வளர்ந்த, நல்ல கல்லீரல் செல்லில் அது கிட்டத்தட்ட கிடையாது. கல்லீரலில் அந்த ஜீனை மட்டும் நீக்கினால் கட்டி வளர்வது குறையுது என்று 2018-ல் சிகாகோ விஞ்ஞானிகள் காட்டினாங்க. இதுவும் சுண்டெலியில்தான் பாஸ்!