கடலுக்கும் ஓர் ஓய்வுக்காலம்



புரட்டாதி முடிந்து ஐப்பசி பிறக்கும் இந்நாள்களில் நமது தீவைச் சூழ்ந்த கடல் முகம் மாறுகின்றது. மே மாதம் தொடக்கம் வீசிய சோளகக் காற்று அடங்கிவிட்டது. வாடைக்காற்று இன்னும் வலுக்கொள்ளவில்லை. சோளக காலத்தில் மேற்குக் கடல் கொந்தளிக்கும்போது, நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளின் கடற்றொழிலாளர் பலர் கிழக்குக் கரைக்கு வந்து, முல்லைத்தீவு, கொக்கிளாய், திருகோணமலை ஆகிய இடங்களில் வாடி அமைத்துத் தொழில் செய்வர். வாடை பிறக்கும் முன்னர் வாடிகளைக் கலைத்துத் தம் ஊர் திரும்புவர். பின்னர் கிழக்குக் கடல் கொந்தளிக்கும்; மேற்குக் கடல் அமைதியடையும். ஒரு கரை உழைக்கும் வேளையில் மறு கரை இளைப்பாறும்.

இவ்வொழுங்கை எந்த அரசும் சட்டமாக இயற்றவில்லை. படைத்தவரே காற்றின் கையில் ஒப்படைத்த ஒழுங்கு இது. ஏழாம் ஆண்டில் நிலத்திற்கு முழு ஓய்வு கொடுக்குமாறு இஸ்ரயேல் மக்களுக்கு ஆண்டவர் கட்டளையிட்டதை லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தில் வாசிக்கின்றோம். நிலம் ஆண்டவருடையது, மனிதர் அதில் விருந்தினர் என்பதே அக்கட்டளையின் அடிப்படை. நிலத்திற்குப் பொருந்தும் இவ்வுண்மை கடலுக்கும் பொருந்தும் என்பதை நாம் ஏன் மறந்துபோகின்றோம்?

மாரி மழையால் நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய்க் களப்புகளில் நீர் பெருகி, அடைபட்ட முகத்துவாரங்கள் திறக்கும். கடலில் பிறக்கும் இறால் குஞ்சுகள் களப்புக்குள் புகுந்து, அங்கே வளர்ந்து, இனம் பெருக்க மீண்டும் கடலை நாடிச் செல்கின்றன. அவ்வழியைக் கண் சிறிய வலையால் மறிப்பவர் இன்றைய கூடையை நிரப்பலாம். தம் பிள்ளைகளின் கூடையை வெறுமையாக்குகின்றார். வயிற்றின்கீழ் முட்டைகளைச் சுமந்த சினை நண்டின் நிலையும் இதுவே. கூட்டில் இருக்கும் பறவைக் குஞ்சுகளை எடுத்தாலும் தாய்ப்பறவையைப் போகவிட வேண்டும் என்று இணைச்சட்ட நூல் (22:6-7) கட்டளையிடுகின்றது. சினை நண்டை மீண்டும் கடலில் விடும் கடற்றொழிலாளி, தாம் அறிந்தோ அறியாமலோ, அக்கட்டளையையே நிறைவேற்றுகின்றார்.

இங்கே கசப்பான ஓர் உண்மையையும் கூறவேண்டும். கச்சதீவில் புனித அந்தோனியார் திருவிழாவிற்கு இரு கரைகளிலிருந்தும் மக்கள் கூடுகின்றனர். ஒரே மொழியில் செபிக்கின்றனர். ஒரே நற்கருணையை உட்கொள்கின்றனர். ஆயினும் திருவிழா முடிந்ததும், அக்கரையின் இழுவைப் படகுகள் பாக்கு நீரிணையின் இக்கரை நீருக்குள் வந்து, கடலடியைச் சுரண்டி, நம் சிறு தொழிலாளரின் வலைகளையும் அறுத்துச் செல்கின்றன. தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் இயந்திரப் படகுகளுக்குத் தடை உண்டு. தம் கடலுக்கு ஓய்வு தேவை என்பதை அவர்களும் அறிவர். அவ்வோய்வு அயலவரின் கடலுக்கு மறுக்கப்படுவது எவ்விதத்தில் நீதியாகும்? காணிக்கை செலுத்துமுன் சகோதரருடன் நல்லுறவு ஏற்படுத்திக்கொள் என்ற ஆண்டவரின் போதனை (மத்தேயு 5:23-24) கச்சதீவுப் பலிபீடத்திற்கும் உரியதே.

ஆனால் அயலவரைச் சுட்டும் விரல் நம் பக்கமும் திரும்பவேண்டும். இழுவைமடித் தொழிலை நமது நாடு 2017ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தினால் தடைசெய்தது. தங்கூசி வலைக்கும் வெடி வைத்து மீன் பிடிப்பதற்கும் தடை உண்டு. எனினும் இவற்றைக் கைவிடாதோர் நம் கரைகளிலும் உள்ளனர். கட்டுப்பாடற்ற மீன்பிடிப்பினால் கடல்வாழ் இனங்கள் அருகிவருவதை மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் திருமடலில் கவலையுடன் சுட்டிக்காட்டினார். கடலைக் காத்தல் நம் மனச்சான்றைச் சார்ந்த கடமையாகும்.

“சாமி, ஓய்வைப் பற்றிப் பேசுவது எளிது, அடுப்பு எரிவது எப்படி?” என்று ஒரு தாய் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2009 வரையான போர்க்காலத்தில் கடல் மறிக்கப்பட்டதால் பசித்திருந்த குடும்பங்களுக்கு இவ்வாறு கேட்கும் உரிமை முழுமையாக உண்டு. ஏழாம் ஆண்டில் எதை உண்போம் என்ற இதே கேள்வி லேவியர் நூலிலும் (25:20-21) எழுகின்றது. ஆறாம் ஆண்டின் விளைச்சலில் மிகுதியான ஆசி தருவதாக ஆண்டவர் மறுமொழி கூறுகின்றார். அந்த ஆசி, சேர்த்து வைக்கப்படும்போதும் பகிரப்படும்போதும்தான் பஞ்ச நாள்களை எட்டும்.

ஆகவே, மீன் படும் நாள்களில் வரும் வருமானத்தில் ஒரு பங்கை மாரிக்கென ஒதுக்குங்கள். அப்பணம் மதுக்கடைக்கும் வட்டிக்காரருக்கும் போகாமல் காப்பது குடும்பத் தலைவரின் முதற்கடமை. பங்குகளும் கடற்றொழிலாளர் சங்கங்களும் வலை இழந்தோருக்கும் தொழில் இழந்தோருக்கும் கைகொடுக்கும் சேமிப்பை உருவாக்கட்டும். கடல் காணாத ஊர்களில் வாழும் குடும்பங்களுக்கும் இதில் பங்குண்டு. சந்தையில் விரல் நீளக் குஞ்சுப் பாரையையும் சினை நண்டையும் வாங்க மறுத்துவிடுங்கள். வாங்குவோர் இல்லையெனில் பிடிப்போரும் குறைவர். நல்ல மீனுக்கு அதற்குரிய விலையைப் பேரம் பேசாது கொடுங்கள்.

திபேரியக் கடலில் இரவு முழுவதும் உழைத்தும் ஒன்றும் அகப்படாத சீடர்களுக்காக, உயிர்த்த ஆண்டவர் கரையில் கரிநெருப்பு மூட்டிக் காத்திருந்தார் (யோவான் 21). அன்று 153 பெரிய மீன்கள் பட்டும் வலை கிழியவில்லை. அந்த ஆண்டவர் இவ்வாடைக் காலத்திலும் நம் கரைகளில் நிற்கின்றார். கடலுக்குச் செல்வோர் அனைவரும் பத்திரமாகக் கரைசேரவும், அவர்களின் வலைகள் கிழியாதிருக்கவும், நம் பிள்ளைகளின் காலத்திலும் இக்கடலில் மீன் இருக்கவும், இவ்வாரம் குடும்ப செபமாலையில் ஒரு மறையுண்மையை ஒப்புக்கொடுங்கள். கடலின் விண்மீனாகிய அன்னை மரியா நமக்காகப் பரிந்து பேசுவாராக.