வத்தலக்குண்டு எழுதியதும் எடைக்குப் போனதும்

திண்டுக்கல்லிலிருந்து கொடைக்கானலுக்குப் போகிற பலருக்கு வத்தலக்குண்டு மலையேறுமுன் டீ குடிக்க இறங்கும் ஊர். அவ்வளவுதான் பழக்கம். தமிழ் இதழியல் வரலாற்றைப் புரட்டுகிறவருக்கோ அந்த ஊரைத் தாண்டிப் போவது எளிதில்லை. 1872இல் பிறந்த பி. ஆர். ராஜமையர், 1884இல் பிறந்த சுப்பிரமணிய சிவா, 1905இல் பிறந்த பி. எஸ். ராமையா, சின்னமனூரைப் பூர்வீகமாகக் கொண்டு இங்கே வளர்ந்த சி. சு. செல்லப்பா என்று நான்கு பேர். நால்வரும் புத்தக ஆசிரியர்கள் என்பதைவிடப் பத்திரிகைக்காரர்கள் என்பதே சரி. ராஜமையரின் நாவல் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ மாத இதழில் தொடராக வந்து, பிறகுதான் புத்தகமானது. அவர் கடைசி இரண்டு ஆண்டுகள் ‘பிரபுத்த பாரதா’ என்ற ஆங்கில இதழை நடத்தி, 1898இல் இருபத்தாறு வயதில் இறந்தார். சிவா, சிறையிலிருந்து தொழுநோயோடு வெளியே வந்தபின், 1913இல் ‘ஞானபானு’வைத் தொடங்கினார், பாரதியின் ‘சின்னச் சங்கரன் கதை’ அதில் வந்தது. ராமையா 1935இல் ‘மணிக்கொடி’யைச் சிறுகதை இதழாக மாற்றினார். செல்லப்பா 1959 முதல் 1970 வரை ‘எழுத்து’ நடத்தினார்.

இந்த நான்கு தமிழ் இதழ்களின் பழைய பிரதிகளை அந்த ஊரிலோ மாவட்டத் தலைநகரிலோ ஒரே இடத்தில் வைத்துப் புரட்ட வேண்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டால் அவர் பெரும்பாலும் சென்னைக்குத்தான் போக வேண்டியிருக்கும். அங்கும் அவை கிடைப்பது, யாரோ ஒருவர் தம் வீட்டில் சேர்த்து வைத்திருந்ததால்தான். பழைய இதழ் சேகரிப்பைச் சிலருக்கு வாய்த்த பொழுதுபோக்காக நினைக்கிறோம். தமிழில் அது பொழுதுபோக்காக இருந்ததே இல்லை. அரசும் கல்வி நிறுவனங்களும் செய்யாமல் விட்ட வேலையைத் தனி ஆட்கள் கைக்காசு போட்டுச் செய்தார்கள்.

சட்டம் என்ன செய்தது என்று கேட்கலாம். 1867ஆம் ஆண்டின் அச்சுச் சட்டப்படி அச்சாகும் புத்தகங்களின் பிரதிகள் அரசிடம் சேர்ந்தன. காலாண்டுக்கு ஒருமுறை பட்டியலும் வெளிவந்தது. நாட்டு மொழிப் பத்திரிகைகளை அரசு வேறொரு காரணத்துக்காகப் படித்தது. வாராவாரம் அவற்றிலிருந்து பகுதிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சுருக்கி, அதிகாரிகளின் பார்வைக்கு ரகசிய அறிக்கையாக வைத்தார்கள். மூல இதழ் கிடைக்காத சில இடங்களில் இன்று ஆய்வாளருக்கு மிஞ்சியிருப்பது அந்த அறிக்கைதான். ராஜத்துரோகம் தேடியவர்கள் எடுத்த குறிப்பு தேசபக்தர்களின் எழுத்துக்குச் சாட்சியாக நிற்கிறது. நூல்களை நான்கு பொது நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும் என்ற சட்டம் 1954இல்தான் வந்தது. அது பத்திரிகைகளையும் தொட்டது 1956இல். நாம் பேசும் காலத்தின் பெரும்பகுதி அதற்குள் முடிந்துவிட்டது.

இப்படித் தொலைந்தவற்றில் படங்களும் உண்டு. படத்தோடு வந்த அச்சுக்குத் தமிழில் இரண்டு ஊற்றுகள். ஒன்று, திருவிழாக் கடைகளில் விற்ற பெரிய எழுத்துப் புத்தகங்கள். விக்கிரமாதித்தன் கதை, நல்லதங்காள் கதை, மதுரைவீரன் கதை என்று எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்காகக் கொட்டை எழுத்தில், மரத்தில் செதுக்கிய படங்களோடு வந்தவை. ஒரே மரக்கட்டையை வேறு வேறு கதைகளுக்கு மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள். ஒரு கதையின் ராஜா இன்னொரு கதையிலும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மதுரையில் புதுமண்டபத்துக் கடைகளில் இவை நெடுங்காலம் கிடைத்தன. திண்டுக்கல், நிலக்கோட்டை, நத்தம் பக்கத்து வீடுகளுக்கு இந்தக் கதைகள் வந்து சேர்ந்ததற்குச் சித்திரைத் திருவிழாவும் பழனிப் பங்குனி உத்திரமும் போதும்.

இன்னொன்று அரசியலிலிருந்து வந்தது. 1906இல் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழ் முகப்பில் கருத்துப்படம் போட்டது. சிவப்புத் தாளிலும் அச்சானது. லண்டன் ‘பஞ்ச்’ இதழ் பல பத்தாண்டுகளாகச் செய்துவந்ததுதான். ஆனால் வைஸ்ராய்களான கர்சனையும் மிண்டோவையும் தமிழ் வாசகர் சிரித்துப் பார்க்கும்படி வரைந்து விற்பது வேறு விஷயம். பதிவேட்டில் ஆசிரியராக இருந்தவர் சிறைக்குப் போனார், இதழ் புதுச்சேரிக்குப் போனது, 1910இல் நின்றது. அதில் பாரதி எழுதிய கட்டுரைகள் தொகுப்புகளில் ஏறிவிட்டன. கருத்துப்படங்களுக்குத் தனிப் புத்தகம் வர ஆ. இரா. வேங்கடாசலபதி 1994இல் அவற்றைத் தொகுக்க வேண்டியிருந்தது. கிட்டத்தட்ட எண்பத்தைந்து ஆண்டுகள் பாரதியின் எழுத்து மட்டும் நம்மிடம் இருந்தது, அதன் பக்கத்தில் இருந்த படம் இல்லை. ரா. அ. பத்மநாபன் 1957இல் கொண்டுவந்த ‘சித்திர பாரதி’யும் இப்படிச் சேகரித்த ஒருவரின் உழைப்புதான். பாரதி இயலே பழைய தாள் தேடியவர்கள் கட்டிய வீடு என்று சொன்னால் மிகையில்லை.

அடுத்து வந்தது வாரப் பத்திரிகைகளின் காலம். 1926இல் பூதூர் வைத்தியநாதையர் தொடங்கிய ‘ஆனந்த விகடன்’, 1928இல் எஸ். எஸ். வாசன் கைக்கு வந்தது. முப்பதுகளில் மாலி வந்து கோட்டுச் சித்திரத்தை விகடனின் முகமாகவே ஆக்கினார். சில்பி, கோபுலு என்று பெயர்கள் வரிசையாக வந்தன. தீபாவளி மலர் என்ற தடித்த, வண்ணப் பக்கங்கள் நிறைந்த ஆண்டுப் புத்தகம் நடுத்தர வீட்டின் அலமாரியில் இடம் பிடித்தது. இன்று பழைய புத்தக வியாபாரத்தில் நல்ல விலை போகிறவற்றுள் இந்த மலர்களும் உண்டு. காரணம் எளிது: வார இதழைத் தூக்கிப் போட்டவர்கள்கூட மலரைத் தூக்கிப் போடவில்லை. அதே காலத்தில், ராமையா நடத்திய ‘மணிக்கொடி’யில் மௌனியின் முதல் கதைகள் படப் பகட்டு எதுவும் இல்லாமல் வந்தன. அதை வாங்கியவர்கள் கொஞ்சம். வைத்துக்கொண்டவர்கள் அதிலும் கொஞ்சம். அந்தக் காலத்தை ராமையா தாமே ‘மணிக்கொடி காலம்’ என்று எழுதி வைத்தார். 1982இல் அதற்குச் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. இதழ் வீடுகளில் இல்லை, இதழைப் பற்றிய புத்தகம் இருக்கிறது.

நம் வீடுகள் இதழ்களை எப்படிக் காத்தன என்பதில் கசப்பான ஒரு விஷயம் உண்டு. தொடர்கதையைப் பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்யும் வழக்கம் தமிழ்நாடு முழுவதும் இருந்தது. 1950இல் ‘கல்கி’யில் தொடங்கிய பொன்னியின் செல்வனை மணியத்தின் ஓவியங்களோடு பைண்டு செய்து வைத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. தெருமுனை பைண்டர் மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து, காலிகோ முதுகு ஒட்டி, பாட்டியின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார். அந்தக் கட்டுகளை நான் குறை சொல்லத் தயங்குவேன். மணியத்தின் ஓவியங்கள் முதலில் அச்சான வடிவில் நம் கைக்கு எட்டியது அவற்றால்தான். ஆனால் ஒரு கட்டு உருவாக எத்தனை இதழ்கள் குதறப்பட்டன என்று எண்ணிப் பாருங்கள். அட்டை போயிற்று. விளம்பரம் போயிற்று. ஆசிரியர் கடிதம், கேள்வி பதில், நகைச்சுவைத் துணுக்கு, ரேடியோ நிகழ்ச்சி, சினிமா விமரிசனம் எல்லாம் பழைய பேப்பர்காரரின் தராசுக்குப் போயின. இன்னொரு பக்கம், முப்பதுகளின் குறுக்கெழுத்துப் போட்டி மோகத்தில் கட்டம் போட்ட பக்கத்தை வெட்டி அனுப்பியவர்கள் உண்டு. பழைய இதழ் கையில் கிடைத்தும் நடுவில் ஜன்னல் திறந்திருக்கும். எதையும் வெறுப்பினால் அழிக்கவில்லை நாம். கதை மேல் இருந்த ஆசையினால் இதழை அழித்தோம்.

அப்படிப் போனதில் என்ன நஷ்டம்? கதைதான் புத்தகமாகக் கிடைக்கிறதே என்பார்கள். ஒரு கதைக்குப் பக்கத்தில் எந்த டானிக் விளம்பரம் இருந்தது, எந்தச் சட்டமறுப்புச் செய்திக்கு அடுத்த பக்கத்தில் அந்தக் காதல் காட்சி வந்தது என்பதைப் புத்தகம் சொல்லாது. திண்டுக்கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஊர்ச் சுருட்டை ஸ்பென்சர் கம்பெனி கடல் கடந்து விற்றது; சர்ச்சில் பிடித்தார் என்று ஊரில் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். பூட்டும் புகையிலையும் தோலும் இந்த ஊரைப் பிழைக்க வைத்தன. அந்த வியாபாரம் தன்னை எப்படிப் படமாக வரைந்து காட்டியது, பெட்டி மேல் என்ன லேபிள் ஒட்டியது, யாரை வாங்கச் சொல்லிக் கூப்பிட்டது என்று அறிய விளம்பரப் பக்கங்களும் லேபிள்களும் வேண்டும். வரலாற்றாசிரியருக்குக் கதைப் பக்கத்தைவிட இந்தப் பக்கம்தான் பல நேரம் உதவுகிறது. அதைத்தான் முதலில் கிழித்தெறிந்தோம்.

இதை முதலில் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். கடையின் பெயரே அவருக்கு அடைமொழியாயிற்று. 1950களிலிருந்து அவர் சேர்த்தவற்றில் அபூர்வ நூல்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, காலணாப் பாட்டுப் புத்தகம் எல்லாம் இருந்தன. பலகை எழுதுகிறவருக்கு நோட்டீஸும் ஒரு படைப்பாகத் தெரிந்திருக்கும் என்பது என் ஊகம். 1992இல் அவர் இறந்தபின் அந்தச் சேகரம், ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள், சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியதால் பிழைத்தது. அமெரிக்காவுக்குத் தூக்கிப் போகாமல் சென்னையிலேயே 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அமைந்தது நம் அதிர்ஷ்டம். புதுக்கோட்டையில் பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதியர் சம்பளத்திலிருந்து சேர்த்த ஞானாலயாவில் பல இதழ்களின் முதல் இதழ்கள் இருக்கின்றன. ஏ. கே. செட்டியார் தம் ‘குமரி மலர்’ இதழில் பழைய பத்திரிகைகளிலிருந்து எடுத்து மறுபடி அச்சிட்டுக்கொண்டே இருந்தார். அதுவும் ஒரு வகைச் சேகரிப்பு, வாசகர் வீட்டிலேயே கொண்டுபோய் வைப்பது.

கோட்டையூர், புதுக்கோட்டை இரண்டும் உள்நாட்டு வறண்ட ஊர்கள் என்பது தற்செயல் மட்டுமல்ல. கடலோர ஈரம் தாளுக்கு ஆகாது. ராமபாணப் பூச்சிக்கு ஈரமும் பசையும் விருந்து. திண்டுக்கல் சமவெளியும் மலை மறைவில் காய்கிற நிலம்தான். கறையானைப் பார்த்துக்கொண்டால் தாள் இங்கே நீடிக்கும். இருந்தாலும் இந்த இதழ்களின் எதிரி உள்ளேயே இருக்கிறது. கந்தலிலிருந்து செய்த தாளில் அச்சான 1850ஆம் ஆண்டுப் புத்தகம் இன்னும் வெளுப்பாக இருக்க, மரக்கூழில் படிகாரமும் குங்கிலியமும் சேர்த்துச் செய்த மலிவுத் தாளில் வந்த 1935ஆம் ஆண்டு வாரப் பத்திரிகை தொட்டால் உதிர்கிறது. அமிலம் தாளைத் தின்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் காகிதக் கட்டுப்பாட்டில் இதழ்கள் இன்னும் மெலிந்து, இன்னும் மட்டமான தாளில் வந்தன. அதற்கு மேல் நாம் செலோடேப் ஒட்டுகிறோம். அது சில ஆண்டுகளில் பழுப்புக் கறையாகிப் படத்தையும் சேர்த்துப் பெயர்த்துவிடுகிறது.

இப்போது புதிதாக ஒரு ஆபத்து விலையிலிருந்து வருகிறது. பழைய விளம்பரத்தையும் அட்டைப்படத்தையும் சட்டம் போட்டு ஹோட்டல் சுவரில் மாட்டும் மோகம் வந்தபின், முழு இதழைவிட வெட்டிய பக்கங்கள் தனித்தனியாக நல்ல காசு தருகின்றன. பாட்டி கதைக்காக வெட்டினார், பேரன் படத்துக்காக வெட்டுகிறான். முழு இதழைக் கலைக்காமல் வாங்கி, கலைக்காமல் வைப்பவரைத்தான் சேகரிப்பாளர் என்று ஒப்புக்கொள்வேன், மற்றவர் வியாபாரி. வாங்கிப் பூட்டி வைத்து யாருக்கும் காட்டாதவரைப் பற்றியும் எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் போன்ற இடங்கள் வந்தபின், காட்டினால் தாள் கெட்டுவிடும் என்ற சாக்கும் செல்லாது. ஒருமுறை படியெடுத்துவிட்டால் போதும்.

திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல். அதற்கு முன் வத்தலக்குண்டுக்காரர்கள் எல்லாரும் ஏடுகளில் மதுரை ஜில்லாக்காரர்கள். பெயர் மதுரைக்கும் பிரதி சென்னைக்கும் போனபின் இந்த மாவட்டத்துக்கு மிஞ்சியது நூற்றாண்டு விழா மேடைகள். மாவட்ட மைய நூலகத்தில் ஓர் அறை, அதில் ‘விவேக சிந்தாமணி’, ‘ஞானபானு’, ‘மணிக்கொடி’, ‘எழுத்து’ நான்கின் கிடைக்கும் இதழ்களும் அட்டையோடும் விளம்பரத்தோடும் படியெடுத்து வைக்க ஒரு கணினி, பக்கத்தில் காந்திகிராமப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆர்வமுள்ள இரண்டு ஆய்வு மாணவர்கள். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. மூலப் பிரதிகளுக்கு அலைய வேண்டியதும் இல்லை. படிமம் தரக்கூடிய நூலகங்கள் இருக்கின்றன, கேட்க ஆள்தான் வேண்டும்.

வீடுகளில் இருப்பது தனிக் கணக்கு. மார்கழிக் கடைசியில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழிக்கிறார்கள். போகிக்குக் கொஞ்சம் எரிகிறது, மீதி கிலோக் கணக்கில் தள்ளுவண்டிக்குப் போகிறது. அந்த மூட்டையில் அட்டை போன மலரோ பாட்டியின் பைண்டு கட்டோ தென்பட்டால் தூசி தட்டி, துருப்பிடித்த கம்பியைப் பிடுங்காமல், டேப் ஒட்டாமல், பழைய வேட்டித் துணியில் சுற்றி எடுத்து வையுங்கள். முன்பக்கத்தில் சந்தாதாரர் பெயரும் ஊரும் எழுதிய தபால் சீட்டு இருந்தால் அதைக் கிழிக்க வேண்டாம். 1936இல் நிலக்கோட்டையில் யார் எந்தப் பத்திரிகை வாங்கினார் என்பதற்கு வேறு ஆவணம் கிடைக்காது.