தினமும் வருகிற கஸ்டமர்

திருப்பூரில் பனியன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைஸராக இருக்கும் நண்பன் பாரீஸ் போய்விட்டு வந்தான். ஈஃபில் டவர் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாயைத் திறந்தால் பிஸ்ட்ரோ! "சின்னக் கடைதான்டா. ரொம்பப் பழசு. இன்னிக்கு என்ன சாப்பாடுன்னு கரும்பலகையில எழுதியிருக்கு. அதான் கிடைக்கும். விலையும் கம்மி. அந்தத் தெருவே அங்கதான் சாப்பிடுது" என்று உருகினான்.

பல்லடத்தில், கோயமுத்தூர் - திருச்சி ரோட்டிலிருந்து ஒரு சந்து உள்ளே தள்ளி, இதே லட்சணங்களோடு ஒரு மெஸ் இருக்கிறது. பயல் அங்கே எட்டு வருஷமாகச் சாப்பிடுகிறான். நாற்காலிக்குப் பதில் பெஞ்சு கிடப்பதால் உறைக்கவில்லை போலும்.

பிஸ்ட்ரோ என்ற பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். 1814-ல் நெப்போலியனைத் தோற்கடித்து பாரீஸுக்குள் புகுந்த ரஷ்யச் சிப்பாய்கள், கடைகளில் உட்கார்ந்து 'பிஸ்த்ரா, பிஸ்த்ரா' (சீக்கிரம், சீக்கிரம்) என்று கத்தினார்களாம். மொழி ஆராய்ச்சிக்காரர்கள் இதை நம்புவதில்லை. அந்த வார்த்தை அச்சில் தலைகாட்டியதே 1880-களில்தான். எழுபது வருஷம் கழித்தா காதில் விழும்? நம்ம மெஸ்ஸில் அப்படிக் கத்தியிருந்தால் கதையே பிறந்திருக்காது. "வெந்தாத்தானுங்க போட முடியும்" என்று அக்கா ஒரே வரியில் சிப்பாயை உட்கார வைத்திருப்பார்.

எனக்குப் பிடித்தது வேறு கதை. 1855-ல் பாரீஸில் துவால் என்று ஒரு கசாப்புக் கடைக்காரர். நல்ல துண்டுகளைப் பணக்காரர்கள் வாங்கிப் போய்விட, மிச்சக் கறியை வேகவைத்து, சூப்பும் கறியுமாகத் தொழிலாளிகளுக்கு மலிவு விலையில் போட்டார். 'பூய்யோன்' என்று பெயர். சூப் என்றே அர்த்தம். ஊரெல்லாம் பூய்யோன் கடைகள் முளைத்தன. 1896-ல் ஷார்த்தியே சகோதரர்கள் தொடங்கிய கடை இன்றும் நடக்கிறது. பரிமாறுகிறவர் மேஜையில் விரித்த காகிதத்திலேயே பில் எழுதிக் கூட்டுகிறார். தினசரி வாடிக்கைக்காரர்கள் தங்கள் கைத்துணியை வைத்துவிட்டுப் போவதற்கென்று நம்பர் போட்ட குட்டி டிராயர்கள்கூட இருக்கின்றன.

நம்ம மெஸ்ஸில் டிராயர் இல்லை. ஒரு லாங் சைஸ் நோட்டு இருக்கிறது. அதில் யாருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் கிடையாது. 'எல்.ஐ.சி.', 'தறிக்காரத் தம்பி', 'லாரி ஷெட்டு', 'கோழித் தீவனம்'. அடியேன் 'பத்திரிக்கை'. பாக்கி 740.

நான் பி.காம். சாப்பிடும்போதும் கை தானாகக் கணக்குப் போடும். சாப்பாடு 90 ரூபாய்க்கு எப்படிக் கட்டுப்படியாகிறது? எண்பது அயிட்டம் அச்சடித்த மெனு கார்டு வைத்திருக்கும் ஹோட்டல், யாரும் கேட்காத எழுபது அயிட்டத்துக்கும் சரக்கு வாங்கி வைத்தாக வேண்டும். அந்த வீண் செலவு நீங்கள் சாப்பிடும் தோசையின் விலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. மெஸ்ஸில் செவ்வாய் என்றால் அரிசிம்பருப்பு சாதம். வெள்ளி கொள்ளு ரசம். புதன், ஞாயிறு கோழி. எத்தனை பேர் வருவார்கள் என்று அக்காவுக்கு முந்தின நாளே தெரியும். எல்.ஐ.சி. லீவு என்றால் அரிசியில் ஒரு டம்ளர் குறையும். ராத்திரி பாத்திரம் காலி. காமர்ஸில் 'ஸ்டாக் டர்ன்ஓவர்' என்று இரண்டு சாப்டர் நடத்தியதை அக்கா ஒரு டம்ளரில் முடித்துவிடுகிறார்.

கோழிக்கு இன்னொரு சூட்சுமம். முட்டைக்கு நாமக்கல் மாதிரி கறிக்கோழிக்குப் பல்லடம். பிராய்லர் ஒருங்கிணைப்புக் குழு பண்ணைக் கொள்முதல் விலையை இங்கேதான் அறிவிக்கிறது. பேப்பர் பார்க்காமலே அந்த விலை எங்களுக்குத் தெரிந்துவிடும். குழம்பில் பீஸ் பெரிதாக இருந்தால் மார்க்கெட் இறக்கம். கரண்டியில் தேட வேண்டியிருந்தால் ஏற்றம். போர்டில் மட்டும் 90 அசையாது. புரட்டாசியில் கோழி விலை சரியும், ஆனால் நோட்டில் பாதிப் பேர் சைவமாகிவிடுவார்கள். என் மாதிரி மிச்சம் பேருக்கு அந்த ஒரு மாதம் தீபாவளி.

மலிவுச் சாப்பாடு இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. இதே திருச்சி ரோட்டில், சிங்காநல்லூரில், சாந்தி கியர்ஸ் சுப்ரமணியம் 1996-ல் ஆரம்பித்த சாந்தி சோஷியல் சர்வீஸின் கேன்டீன் இருக்கிறது. 2013-ல் வந்த அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி போட்டார்கள். ஒன்றுக்குப் பின்னால் அறக்கட்டளை, இன்னொன்றுக்குப் பின்னால் அரசாங்கம். மெஸ்ஸுக்குப் பின்னால் யார்? எல்.ஐ.சி.யும் லாரி ஷெட்டும்தான். இந்த எண்பது பேர் தினம் வரவில்லையென்றால் 90 ரூபாய் மூன்று மாதம் தாங்காது. வருஷத்துக்கு ஒருமுறை மாமனார் மாமியாரோடு காரில் வந்து, "அடடா, என்ன டேஸ்ட்! இதையெல்லாம் விடவே கூடாது" என்று போட்டோ பிடித்துக்கொண்டு போகிறவரால் ஒரு கிலோ அரிசிக்கும் பிரயோஜனம் இல்லை. பிரான்ஸில் 1960 வாக்கில் சுமார் இரண்டு லட்சம் கஃபேக்களும் பிஸ்ட்ரோக்களும் இருந்தன. இப்போது நாற்பதாயிரத்துக்கும் கீழே. அங்கேயும் எல்லோருக்கும் பிஸ்ட்ரோ என்றால் உயிர்தான். மத்தியானம் மட்டும் ஆபீஸ் மேஜையிலேயே சாண்ட்விச்.

போன மாதம் அந்தக் காற்று எங்கள் சந்துக்கும் வந்தது. 19 கிலோ சிலிண்டருக்கு ஒன்றாம் தேதிக்கு ஒன்றாம் தேதி புது விலை. எண்ணெய் விலையும் ஏறிவிட்டது. அக்கா பரிமாறிக்கொண்டே, யார் முகத்தையும் பார்க்காமல், "நூத்திப்பத்து ஆக்கலாம்னு இருக்கறனுங்க" என்றார். எல்.ஐ.சி. தலையாட்டினார். சம்பளம் வாங்குகிறவர். லாரி ஷெட்டு ரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தறிக்காரத் தம்பிதான் பேசினான்: "அப்படின்னா நான் ஒருநாள் விட்டு ஒருநாள் வர்றனுங்க்கா."

மாதம் 26 நாள். இருபது ரூபாய் வீதம் 520. தறி பாதி நாள் ஓடாத சீசனில் அது சின்னத் தொகை இல்லை.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்ததாக அண்ணன் சொன்னார். மறுநாள் போர்டில் சாக்பீஸில் 110. நோட்டில் பேர் இருக்கிறவர்களுக்கு மட்டும் 90. பாக்கியைப் பத்தாம் தேதிக்குள் தீர்க்க வேண்டும், சொல்லாமல் லீவு போட்டால் அன்றைக்குப் பாதிக் காசு உண்டு. ஐப்பசி ஒண்ணாம் தேதியிலிருந்து அமல்.

இந்த வாரம் நோட்டில் புதிதாக ஐந்து பேர்.