‘சென்சார் போச்சு’ என்றால் உடனே மாற்ற வேண்டுமா?

காரில் எஞ்சின் விளக்கு எரிந்தால், இப்போது கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்து, ‘மேப் சென்சார் போச்சு, மாத்தணும்’ என்று சொல்லிவிடுகிறார்கள். பென்ஷன் பணத்தில் வண்டி ஓட்டுகிற நாம் தலையாட்டுமுன் கொஞ்சம் விஷயம் தெரிந்துகொள்வது நல்லது.

கார்புரேட்டர் காலத்தில் எஞ்சின் இழுக்கும் காற்றே பெட்ரோலையும் இழுத்துக்கொண்டு போனது. இன்ஜெக்டர் வண்டியில் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுத் தெளிக்கிறது. அதற்குக் காற்றின் அளவு தெரிய வேண்டும். பல பெட்ரோல் கார்களில் இன்டேக் மேனிஃபோல்டின் காற்றழுத்தத்தை அளந்து சொல்வது இந்தச் சென்சார். உள்ளே மெல்லிய சிலிக்கான் தகடு. அழுத்தத்தில் அது வளைய, வெளிவரும் வோல்ட் மாறும். ஐடிலில் சுமார் 30–40 கிலோபாஸ்கல். ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் 100-ஐ ஒட்டி வரும். ஊட்டி உயரத்தில் வெளிக்காற்றே சுமார் 78தான்; அதற்கேற்பப் பெட்ரோல் குறைவதும் இதனால்தான்.

சில வண்டிகளில் சென்சாருக்கு ரப்பர் குழாய் போகும். அது வெடித்தால் அழுத்தம் அதிகமாகக் காட்டும். கம்ப்யூட்டர் பெட்ரோலை அள்ளி ஊற்றும். கரும்புகை வரும், மைலேஜ் குறையும். குற்றம் குழாயில், பழி சென்சார்மேல்.

ஆகவே குழாய், கனெக்டர், வயர் மூன்றையும் பார்க்காமல் சென்சாரை மாற்றச் சம்மதிக்கக் கூடாது என்பேன். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு ஸ்கேனரில் பார்க்கச் சொல்லுங்கள். நம்ம களியக்காவிளையில் 100-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் நன்றாக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் முதலில் குழாயைப் பாருங்கள். இப்படிக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. நல்ல மெக்கானிக் கோபிக்காமல் காட்டித் தருவார்.