கணக்குக் கேட்பது நன்றிகெட்ட செயலா?

2006இல் சம்பூர், கூனித்தீவுப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் இருந்த நாம் பல உதவி நிறுவனங்களைக் கண்டோம். பெயர் எழுதினார்கள், கையொப்பம் வாங்கினார்கள், சாமான் தந்தார்கள். நம் பெயரில் வந்த பணத்துக்குக் கணக்குக் கேட்டால், “தந்த கையைக் கடிக்கிறீர்களா?” என்று கேட்போர் இன்றும் உண்டு.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இலங்கையின் 1917ஆம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, பொறுப்பாளர் நம்பிக்கைச் சொத்தை விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தச் சொத்தைப் பேணுவதுபோலப் பேணவேண்டும். அதனால் தாம் இலாபம் பெறக்கூடாது. தெளிவான கணக்கு வைத்து, பயனாளி கேட்டால் விபரம் தரவேண்டும். அதில் விடையில்லாத விடயங்களுக்கு இங்கிலாந்தின் ஒப்புரவு நெறிகள் பொருந்தும். அந்த நாட்டிலும் கூட்டத்துக்கே வராத பொறுப்பாளர், “எனக்குத் தெரியாது” என்று சொல்லித் தப்பமுடியாது.

பதிவுசெய்த தொண்டு நிறுவனங்களுக்கு 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் உண்டு. மோசடி, கையாடல் பற்றி ஒருவர் எழுத்தில் முறையிட்டால், அமைச்சர் அதனை விசாரணைச் சபைக்கு அனுப்பலாம்.

வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் வட்டவிதானையிடம் நாம் கேள்வி கேட்பதில்லையா? அது பகையல்ல; பங்குள்ளவனின் உரிமை. உதவிப் பணத்திலும் நமக்குப் பங்குண்டு.

ஆகவே கூட்டமாகச் சென்று, மரியாதையாக, எழுத்தில் கேட்போம். பதிலின் பிரதியைப் பத்திரப்படுத்துவோம். நம் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் வரவு செலவையும் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுவோம். பிறரிடம் கேட்பதை நாமும் செய்தால்தான் நம் கேள்விக்குப் பலமுண்டு.